மூன்று முறை அழைத்தோம்

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் அறைச் சுவரில், சின்னச் சின்னக் கட்டங்களாகத் தடுத்த மரப்பெட்டி ஒன்று அடித்திருப்பார்கள். காலையில் வேனிலிருந்து இறங்கும் பெண்கள் வளையல், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, போனை ஆளுக்கொரு கட்டத்தில் செருகிவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வந்து எடுப்பார்கள். எம். புதுப்பட்டிப் பக்கம் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியிலும் இதே வழக்கம்தான். அம்மாவின் போன் பகலில் அம்மாவோடு இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, வெடிச்சத்தம் கேட்கிற நாளைத் தவிர. எங்கோ தூரத்தில் டும்மென்று ஒரு சத்தம் வரும். திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். புகை எந்தத் திக்கில் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டே ஆளாளுக்குப் போனைக் காதில் வைப்போம். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் போனை யார் எடுப்பது? தெரியும். தெரிந்தேதான் அடிப்போம்.

போன வருஷம் ஒரு நாள் புகை புதுப்பட்டித் திக்கில் எழுந்தது. அன்று மதியம் முழுக்க அம்மாவுக்கு அடித்தேன். சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள்.

"என்னட்டி, இம்புட்டு மிஸ்டு கால் கெடக்கு? பக்கத்துக் கம்பெனிட்டி. நம்மது இல்ல."

நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள்: "வர்ற சீசனோட நின்னுக்கிடுதேன். ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

நின்றுவிட்டு என்ன செய்வது? தையல். அம்மாவுக்குப் பாவாடை தைக்கத் தெரியும், கிழிந்ததை ஒட்டுப்போடத் தெரியும். ஜாக்கெட் வெட்டத் தெரியாது. ஜாக்கெட்டில்தான் காசு. சிவகாசியில் ஒரு கடையில் மோட்டார் வைத்த மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்தாள். கடைக்காரர் தெரிந்தவர். "தீபாவளி வரைக்கும் ஒங்களுக்குன்னு ஓரமா நிப்பாட்டி வைக்கேன் அக்கா. அதுக்கு மேல கேக்காதீக" என்றார். அந்த சீசன் முழுக்க அம்மா கூடுதலாக வேலை பார்த்தாள். கூலி அவள் பேங்க் கணக்குக்கு வரும். மெஷினுக்கான காசு அதில் அப்படியே கிடக்கும், போனஸ் பணம் தீபாவளிச் செலவுக்கும் தீபாவளிக்குப் பிறகு கம்பெனி மூடிக் கிடக்கும் வாரங்களுக்கும். இதுதான் கணக்கு.

எனக்கு எதையும் உடனே தொடங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற வேலை எனக்கு. அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஆன்லைன் தையல் வகுப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஜாக்கெட், சுடிதார், குழந்தைகள் கவுன் எல்லாம் உண்டு. முதல் ஏழு நாள் இலவசம், பிடித்தால் மேலே தொடரலாம், பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் நிறுத்தலாம் என்று போட்டிருந்தது. இலவசத்துக்கும் பேங்க் கணக்கை இணைக்கச் சொன்னது. அம்மாவின் நம்பர், அம்மாவின் கணக்கு, அம்மாவின் பின் நம்பர். அவளே அடித்தாள். எனக்கு அம்புட்டுச் சந்தோஷம். மெஷின் வருவதற்குள் ஆள் தயாராகிவிடுவாள் என்று நினைத்தேன்.

சாயங்காலங்களில் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள். வீடியோவில் வருகிற டீச்சர் நன்றாகப் பேசினார். தன்னம்பிக்கை பற்றிப் பேசினார், வீட்டிலிருந்தே சம்பாதிப்பது பற்றிப் பேசினார்.

"ஏட்டி, இந்தம்மா எப்பட்டி துணியத் தொடும்?"

"வரும்மா, அடுத்த வீடியோவுல வரும்."

அடுத்ததிலும் வரவில்லை. அதற்கடுத்ததில் பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார், அதுவும் பாதியில் மறைந்து விளம்பரம் வந்தது. அம்மா சிரித்துவிட்டாள். "நான் எதுத்த வீட்டு டெய்லர் அக்காகிட்டயே ஒக்காந்து கத்துக்கிடுதேன். இதை நிப்பாட்டு."

ஏழு நாள் முடியுமுன்பே நிறுத்தினேன். ஒரு தட்டில் முடியவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டது, வருத்தமாக இருக்கிறது என்றது, இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஒரு பச்சை நிற டிக் வந்தது: 'உங்கள் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டோம். எங்கள் பிரதிநிதி அழைத்து உறுதி செய்வார்.' பச்சை டிக்கைப் பார்த்ததும் "முடிஞ்சுதும்மா" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அம்மா பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது பேங்க் மெசேஜ் வந்து கிடந்திருக்கிறது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். வேனில் பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டி, "இது வந்த காசா போன காசா?" என்று கேட்டாளாம். போன காசு. ஒரு வருஷத்துக்கான கட்டணம் மொத்தமாகப் போயிருந்தது. மெஷின் காசில் பாதிக்கு மேல்.

"நீதான நிப்பாட்டுனே?" என்றாள் அம்மா. திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

எனக்குச் சண்டை என்றால் பிடிக்கும். நியாயம் நம் பக்கம் இருக்கிற சண்டை என்றால் இன்னும் பிடிக்கும். பச்சை டிக்கைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை இணைத்து அன்றைக்கே அந்த வகுப்புக் கம்பெனிக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது, அதுவும் ரொம்ப மரியாதையாக:

'உங்கள் ரத்துக் கோரிக்கையை உறுதி செய்ய மூன்று முறை அழைத்தோம். தாங்கள் அழைப்பை ஏற்கவில்லை. எனவே கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது.'

அம்மாவின் போனைப் பார்த்தேன். உண்மைதான். மூன்று மிஸ்டு கால். மூன்றும் பகலில். கடன் வேண்டுமா என்று தினமும் கூப்பிடுகிறவர்களின் எண்களோடு கலந்து கிடந்தன.

திரும்ப எழுதினேன். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்க்கிறாள், உள்ளே போன் போகக் கூடாது, ஒரு பொறி போதும், அதனால் பெட்டியில் வைக்கிறார்கள், மாலை ஆறுக்கு மேல் கூப்பிடுங்கள் என்று விளக்கமாக எழுதினேன். படிக்கிறவர் மனசில் தைக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரிகளைத் திருத்தித் திருத்தி எழுதினேன். பதில் வந்தது: 'எங்கள் அழைப்பு நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, திங்கள் முதல் வெள்ளி வரை. தங்களுக்கு வசதியான நேரத்தைத் தேர்வு செய்யவும்.'

பேங்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"திருடு போகலையேம்மா. உங்க அம்மாதானே பின் நம்பர் போட்டு அனுமதி குடுத்திருக்காங்க? முந்தின நாளே, நாளைக்கு எடுக்கப்போறோம்னு மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்திருக்கு சார். அது வந்தப்போ போன் பெட்டிக்குள்ள இருந்துச்சு."

"சாயங்காலம் பாத்திருக்கலாமே?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு சார்."

"நீங்க பாத்திருக்கலாமே?"

காலண்டர் அச்சடிக்கும் சீசன். அந்த வாரம் அச்சகத்தில் ராத்திரி வேலை. அம்மா வரும்போது நான் வீட்டில் இருக்கவில்லை. அந்த வகுப்பில் நிறுத்தினால் போதாது, பணம் கட்டும் ஆப்பிலும் போய் அனுமதியைத் தனியாக ரத்து செய்ய வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புகாரைப் பதிந்துகொண்டார். "அவங்ககிட்ட விளக்கம் கேப்போம். அதுக்குள்ள நீங்களும் அவங்க கூப்பிடுறப்போ போனை எப்படியாவது எடுத்துருங்க" என்றார்.

அதனால் அடுத்த வாரம் லீவு போட்டேன். பதினொரு மணிக்குக் கூப்பிடும்படி நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு அதே வேனில் ஏறிக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அம்மா உள்ளே போனாள். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்ன பாப்பா, போனுக்குக் காவலா? நாந்தான் இருக்கேன்ல?"

"நீங்க எடுத்துப் பேச மாட்டீகளே அண்ணாச்சி."

"நான் எடுத்தா எனக்கும் லோன் குடுக்கேன்னு நிப்பான்."

பதினொரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து அம்மா திரும்பவும் அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. ஒரு பெண் குரல். நான் மகள், சொல்லுங்கள் என்றேன்.

"சாரி மேடம். அக்கவுன்ட் ஹோல்டர்தான் பேசணும்."

"கூப்பிடுறேன், லைன்லயே இருங்க. ப்ளீஸ், வச்சிராதீங்க."

வாட்ச்மேன் அண்ணாச்சி உள்ளே ஆள் விட்டார். மருந்து அறைகள் கேட்டிலிருந்து தள்ளித் தள்ளித்தான் இருக்கும். அங்கிருந்து யாரும் ஓடி வரவும் கூடாது. நடந்துதான் வர வேண்டும். அம்மா நடந்து வருவது தூரத்தில் தெரிந்தது. அலுமினியப் பவுடர் படிந்து கை, முகம் எல்லாம் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு, முழு வேகத்தை நடையில் அடக்கிக்கொண்டு வந்தாள். நான் போனில் அந்தப் பெண்ணிடம் என்னென்னமோ பேசிக்கொண்டிருந்தேன். வந்துட்டாக, இந்தா வந்துட்டாக.

கேட்டருகே அம்மா நின்றுவிட்டாள். போன் உள்ளே வரக் கூடாது, அவள் வெளியே வர வேண்டும். வேலை நேரத்தில் வெளியே வந்தால் அன்றைக்குத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், பாதி நாள் கூலி போகும். அண்ணாச்சி அவளைப் பார்த்தார். "யோசிச்சுக்கோத்தா" என்றார். அம்மா தாண்டி வந்தாள். கை பவுடராக இருந்ததால் நான்தான் போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டேன்.

பெயர் கேட்டார்கள், பிறந்த தேதி கேட்டார்கள். எல்லாம் சொன்னாள். பிறகு அந்தப் பெண் சொன்னது எனக்கும் கேட்டது: "உங்க கேன்சலேஷனை இப்ப கன்ஃபார்ம் பண்ணிட்டேன் மேடம். அடுத்த வருஷத்துக்கு உங்க அக்கவுன்ட்ல இருந்து எடுக்க மாட்டோம்."

"இந்த வருஷத்துக்கு எடுத்த காசு என்னாச்சும்மா?"

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் நீங்க எல்லாக் கிளாஸும் பாக்கலாம் மேடம்."

நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன். அந்தப் பெண் குரலைத் தணித்து, "அக்கா, எனக்கு முன்னாடி இருக்கிற ஸ்கிரீன்ல பணம் திருப்பிக் குடுக்கிற பட்டனே கிடையாதுக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

அம்மா மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் கையைத் துடைத்தாள். "அவளை ஏன்ட்டி வையுதே? அவளும் எவன்கிட்டயோ வேலைக்கு வந்தவதான" என்றாள். சாயங்காலம் வேன் வரும்வரை அங்கேயே இருந்தோம். உள்ளே போக முடியாது, வீட்டுக்குப் போக பஸ்ஸும் இல்லை.

தீபாவளிக்கு முன்பே பேங்கிலிருந்து முடிவு வந்துவிட்டது. வாடிக்கையாளர் அனுமதி கொடுத்ததற்கும், மூன்று முறை அழைத்ததற்கும், பின்னர் அவரே பேசி ரத்தை உறுதி செய்துகொண்டதற்கும் அந்தக் கம்பெனி சான்று கொடுத்திருக்கிறதாம். நான் லீவு போட்டு உட்கார்ந்து எடுத்த அந்த அழைப்பும் அவர்கள் பக்கச் சான்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. புகார் முடிக்கப்பட்டது. மேலே எங்கே போகலாம் என்று கவுன்டர்க்காரர் சொன்னார். எழுதியிருக்கிறேன். இதுவரை புகார் எண் மட்டும் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

மெஷினைக் கடைக்காரர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொன்ன நாள்வரை வைத்திருந்தார். போனஸை எடுத்து மீதியைக் கட்டிவிடலாம் என்று நான் தொடங்கியபோது அம்மா, "கம்பெனி மூடிக் கெடக்கையில எதைத் திங்கட்டும்?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு யோசனையோடு எழுந்திருக்கிறவள் நான். அந்த வாரங்களில் ஒன்றும் வரவில்லை. அம்மா எதிர் வீட்டு டெய்லர் அக்காவிடமும் போகவில்லை. கேட்டதற்கு, "மெஷின் இல்லாம என்னத்தக் கத்துக்கிட்டு" என்றாள்.

கம்பெனி திறந்தது. பூஜை போட்டார்கள். அம்மா போனாள்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நடுப்பகலில் அந்தச் சத்தம் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினோம். புகை எங்கும் தெரியவில்லை, வானம் மங்கலாக இருந்தது. அம்மாவுக்கு அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். 'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்.'

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பேசுகிறாள். கேட்டுக்கு வெளியே நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்றவளிடம், "எங்க அம்மா வெளிய வந்துட்டாக, பேசிட்டு இருக்காக" என்றுகூடச் சொன்னேன். மறுபடி அடித்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான், அது கல்குவாரியில் பாறைக்கு வைத்த வெடி என்று சேதி வந்தது.

சாயங்காலம் அம்மா வந்ததும் போனை வாங்கிப் பார்த்தேன். என் எண், நடுவில் இன்னொரு எண், அதன் மேல் மறுபடியும் என் எண். நடுவில் இருந்தது எனக்கு மனப்பாடமான எண்தான்; அந்த 'வேறொரு அழைப்பு' அவர்களுடையது. கூடவே ஒரு மெசேஜ்: 'நீங்கள் சில நாட்களாக வகுப்பு பார்க்கவில்லை. தங்களை அழைத்தோம். எடுக்கவில்லை.'

"யாருட்டி அது?" என்றாள் அம்மா.

"கிளாஸ்காரங்க."

அம்மா போனை வாங்கிச் சார்ஜில் போட்டாள். "நாளைக்கு வேன் வெள்ளனே வருதாம். சோத்துல தண்ணி ஊத்தி வச்சிரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.