மதனி அடுப்புக்கு ஒரு மூச்சுத் துளை

என் அலுவலக மேசையில் உருளையாக ஒரு சுவர்த்துண்டு இருக்கிறது. செங்கல், நடுவில் தெர்மாகோல், மறுபடி செங்கல். மூன்றும் தனித்தனியாகக் கழன்று வந்ததைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வீடு கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள், ஏதோ பரிசு என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அது பரிசு இல்லை. நானே கட்டிய சுவரில் நானே போட்ட ஓட்டையிலிருந்து வந்தது.

பழங்காநத்தத்தில் அண்ணனுக்காக நான் கட்டிய வீடு அது. மதுரை வெயிலை உள்ளே விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு கட்டினேன். இரட்டைச் சுவர், மாடியில் வெள்ளை ஓடு, ரப்பர் வைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தினால் தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்காது. அப்போது எனக்கு இருந்த திமிருக்கு அளவே இல்லை.

அண்ணன் மனைவி, என் மதனி, எழுமலைப் பக்கத்துப் பெண். சீர்ப் பலகாரம் செய்து கொடுப்பது அவர் தொழில். வளைகாப்போ சடங்கோ, அவர் கை அதிரசம் இல்லாமல் எங்கள் சொந்தத்தில் தட்டு நகராது. விறகுத் தணலில் வெந்தால்தான் அந்தப் பதம். செல்லூரில் வாடகைக்கு இருந்த வருடங்கள் பூராவும் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில், மேலே வெயில் கீழே நெருப்பு என்று வெந்தார். புது வீட்டிலும் மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னபோதுதான் மதனி ஒரே பிடியாக நின்றார்.

"எல்லாரும் குளுகுளுன்னு உள்ள இருப்பீக, நான் மட்டும் மொட்டை மாடியில வேகணுமா? அடுப்பு உள்ளதான் வரணும்."

அண்ணன் அரை மனதாகச் சம்மதித்தார். ஒரு நாள் புகை அடித்தாலும் அடுப்பு மாடிக்குப் போய்விடும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சும்மா இருப்பேனா? இருப்பதிலேயே பெரிய இரும்பு அடுப்பாக, இரண்டு வாய் வைத்தது, கூரைக்கு மேலே புகைக்குழாய் போவதாகப் பார்த்து வாங்கினேன். மதனி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "குழாய் வழியாப் பொகை போயிரும், சரி. அடுப்புக்கு மூச்சு எங்கிட்டு இருந்து தம்பி வரும்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பால் காய்ச்சும் நாள் வந்தது. புது வீட்டில் பால் பொங்க வேண்டும். புதுப் பானையைப் புது அடுப்பில்தான் ஏற்றுவது என்று முடிவு. நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வந்த சொந்தங்களுக்கு வீட்டின் குளிர்ச்சியைக் காட்டுவதற்காக ஜன்னல் பூராவையும் சாத்தி ஏசியைப் போட்டேன். மதனி அடுப்பைப் பற்றவைத்ததும் லேசாகப் புகை வந்தது. அதை இழுக்கட்டும் என்று சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் தட்டிவிட்டேன். அவ்வளவுதான். கூரைக்குப் போக வேண்டிய புகை, குழாய் வழியாகக் கீழே இறங்கி அடுப்பு வாயால் கொட்டியது. ஐயர் இருமினார், குழந்தைகள் அழுதன, பால் மட்டும் அசையவே இல்லை. "மொத நாளே இப்பிடியா" என்று பெரியம்மா முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாய் கூசாமல், "விறகு ஈரம் போல" என்றேன்.

உடை முள்மரத்து விறகைப் பிளந்து, மாசக்கணக்கில் வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தவர் மதனி. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். நேராகப் போய் ஃபேனை அணைத்தார். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைக் கையகலம் திறந்துவிட்டார். புகை கொஞ்ச நேரம் தயங்கியது, பிறகு குழாயில் விறுவிறுவென்று ஏறியது. அதே விறகு, அதே அடுப்பு. சற்று நேரத்தில் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மாடிப் பேச்சை அண்ணன் அப்புறம் எடுக்கவில்லை. குலவைச் சத்தம் கேட்டபோது நான் வாசலில் நின்றிருந்தேன்.

பிற்பாடு மதனியே விவரம் சொன்னார். செல்லூரில் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் ஒரு தறிக்கூடம் இருந்ததாம். அங்கே பெரிய ஃபேன் சுவர் இடுக்கு வழியாகக் கொட்டகைக் காற்றையும் இழுத்து ஓடும்போது இவர் கொட்டகைக் கதவைச் சாத்தினால் அடுப்புப் புகை திரும்பி முகத்தில் அடிக்குமாம். காற்று வெளியே போனால் இன்னொரு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். நான் வழியே இல்லாமல் அடைத்து வைத்ததால் அது புகைக்குழாய் வழியாக இறங்கியிருக்கிறது.

மறு வாரம் ஆளைக் கூட்டிவந்து அடுப்புக்குப் பின்னால் சுவரைத் துளைத்து, வலையும் மூடியும் போட்டேன். பெரிய அடுப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று. நன்றாக எரித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் வீடே கொதித்தது. குறைத்து எரித்தால் புகைமூட்டம் போட்டது. இந்த முறை மதனியே கடைக்கு வந்து, தன் எண்ணெய்ச் சட்டியை வைத்துப் பார்த்து, ஒற்றை வாய்ச் சின்ன அடுப்பாக எடுத்தார். "வீடு இறுக்கமா இருக்குல்ல, இம்புட்டு நெருப்புப் போதும்" என்றார். இறுக்கமான வீட்டுக்குச் சின்ன அடுப்பு, அந்த அடுப்புக்குத் தனி மூச்சு. இன்றைக்கு இதைத்தான் நான் ஊரெல்லாம் அடித்துச் சொல்கிறேன். ஒரு வீட்டிலும் புகை திரும்பியதில்லை.

ஆனால் துளை போட்டேனே தவிர, விறகு ஈரம் என்ற அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தேன். வெளியே பகல் வெயில் காய்ந்தது. உள்ளே மதனி வியர்வை இல்லாத முகத்தோடு அதிரசம் தட்டிக்கொண்டிருந்தார். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு விறகு ஈரமில்ல மதனி."

அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அன்னைக்கே எனக்குத் தெரியும் தம்பி. ஈரம்னு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீக. இல்லங்கறத இப்ப அடுப்படியில வந்து சொல்லுறீக" என்றார். சொல்லிவிட்டு, சூடான அதிரசம் ஒன்றை என் கையில் வைத்தார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மேசையில் இருக்கும் சுவர்த்துண்டை இனி யார் எடுத்துப் பார்த்துப் பரிசா என்று கேட்டாலும், முதலில் விறகைப் பற்றி நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் சுவரைப் பற்றிப் பேசுவேன்.