நாயுடு கையில் நின்ற குதிரை

கணபதி வட்டாரத்தில் மூன்று லேத்துகளை வைத்துக்கொண்டு பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பாலுசாமிக்கு ஊரில் யாரிடமும் பயம் கிடையாது. ஈ.பி.காரரோடு சண்டை போடுவார், இரும்புக் கடைக்காரரோடு சண்டை போடுவார், யாரும் கிடைக்காத நாளில் லேத்தோடு சண்டை போடுவார். பட்டறைப் பரண்மேல் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னைக் கண்டால் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொள்வார். கரண்ட் போகும் மத்தியானங்களில் மூன்று லேத்தும் ஒன்றாக நின்றுபோய்ப் பட்டறை அடங்கும். அப்போது அந்த டின்னுக்குள் யாரோ பகடை உருட்டுவது அவருக்குக் கேட்கும்.

"எலியா இருக்குமுங்க" என்றாள் அவர் மனைவி சின்னாத்தாள். எலி உருட்டினால் நிறுத்தாமல் உருட்டாதா? இது ஒரு தடவை உருட்டும். என்ன விழுந்தது என்று குனிந்து பார்க்கிற நேரம் சும்மா இருக்கும். பிறகுதான் மறுபடி உருட்டும். எந்த எலி இவ்வளவு நிதானமாக விளையாடும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

டின்னுக்குள் இருந்தது கிழக்கிந்தியக் கும்பினிப் பட்டாளம். விரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள், சிவப்புச் சட்டை, வெள்ளைப் பட்டை, இழுத்துப் போக நான்கு பீரங்கிகள். வார்த்துக் கொடுத்தவர் சீனிவாசலு நாயுடு. பீளமேட்டில், வார்ப்படத்துக்கு மர அச்சு செதுக்கும் பேட்டர்ன் பட்டறை வைத்திருந்தவர். எந்தக் காலத்திலோ மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன விதிப் புத்தகத்தை அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்து, அந்த விளையாட்டுக்குப் 'பட்டாளம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஒருவர் மாற்றி ஒருவர் படையை நகர்த்த வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை டேப் சொல்லும், மோதினால் யார் விழுவது என்பதைப் பகடை சொல்லும்.

உக்கடத்தில் பஷீரின் கடிகாரக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பழைய டேபிள் டென்னிஸ் பலகை கிடந்தது. ஊரில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கறி தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கும் நேரத்தில், இவர்கள் அந்தப் பலகையில் கும்பினிக்கும் மைசூருக்கும் சண்டை மூட்டிவிடுவார்கள். பாலுசாமி கும்பினி, நாயுடு மைசூர், பஷீர் நடுவர். தொடங்கிய புதிதில் ஒரு தடவை பாலுசாமி தோற்றார். தோற்ற கோபத்தில் ஆறு மாதம் அந்த மாடிப்படியை மிதிக்கவில்லை. நாற்பது வயது மனுசன், சின்னப் பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு திரிந்தார். நாயுடுவே வீடு தேடி வந்து, காப்பி குடித்து, மெதுவாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பாலுசாமி தோற்கவே இல்லை. தாம் ஆட்டத்தில் கைதேர்ந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம் ஐப்பசியில்தான் அது நடந்தது. நாயுடுவின் முறை. மைசூர்க் குதிரைப்படைத் தளபதியைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. பலகையைப் பார்க்கிறார், பாலுசாமியைப் பார்க்கிறார், மறுபடி பலகையைப் பார்க்கிறார்.

"ஏனுங்க நாயுடு, குதிரைக்கு லாடம் அடிக்கறீங்களா? அரை மணி நேரமாக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க! ஆடத் தெரியலீன்னா எந்திரிச்சுப் போங்க" என்று பாலுசாமி கத்தினார்.

"இருங்க கவுண்டரே, ஒரு ரோசனை" என்று நாயுடு சிரித்தார்.

அதற்குள் வார்ப்படப் பவுண்டரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஒரு பேட்டர்ன் உடைந்துபோயிற்றாம், உடனே வரவேண்டுமாம். நாயுடு குதிரையை எடுத்த இடத்திலேயே வைத்தார். பகடைகளை வழக்கம்போலத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என்ற முறை அப்படியே இருக்கட்டுங்க. வாரேன்" என்றார்.

புதன்கிழமை காலையில் உளியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பாலுசாமி பாடை கட்டினார், தோள் கொடுத்தார், கருமாதிச் சாப்பாட்டுக்கு இலை போட்டார். அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால் தானாக அவரை மாடிக்குக் கொண்டுபோய்விட்டது. ஜன்னலோரம் நாயுடுவின் நாற்காலி. பலகையில் எல்லாம் வைத்தது வைத்தபடி. எதிராளியின் முறை நடக்கும்போது நம் படையைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த முறை இனி எப்போது முடியும்? பாலுசாமி தம் சிப்பாய்களை வாரி டின்னில் போட்டார். விதியை அவர் மீறியது அந்த ஒரு நாள்தான். குதிரைகளைப் பஷீர் பெட்டியில் வைத்து நாயுடுவின் மனைவி பங்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து ஒரே கேள்வி பாலுசாமியை அரித்தது. அந்தக் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு நாயுடு அத்தனை நேரம் என்ன யோசித்தார்? எழுந்து போகச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தாரா? ஷாஃப்ட் கடையும்போது இதே நினைப்பு, சோற்றில் கை வைத்தாலும் இதே நினைப்பு. கரண்ட் போனால் பகடைச் சத்தம் வேறு.

தொண்ணூற்று ஆறாம் வருடம் தைப் பொங்கல் கழிந்து பஷீர் பட்டறைக்கு வந்தார்.

"பாலுண்ணா, மேல் ரூமுல வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. மறுக்கா பட்டாளம் போடலாமுங்களா? நீங்க எந்தப் படை எடுக்கறீங்கன்னு சொல்லுங்க, எதுத்தாப்புல நான் நிக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் பாலுசாமி வாயைத் திறந்தார். ஆனால் ஆசை வெட்கம் அறியாது. "என்ற படையே இருக்குதே" என்று ஏணி போட்டுப் பரணில் ஏறினார். டின்னை இறக்கித் தூசி தட்டித் திறந்தார். சிவப்புச் சட்டைகள் மங்காமல் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தார். டின் காலியானது. அடியில் கையை விட்டுத் துழாவினார்.

பகடை இல்லை. இருந்திருக்கவும் முடியாது. பகடைகள் எப்போதும் நாயுடுவின் சட்டைப் பையில்தானே இருந்தன?

பாலுசாமி டின்னை ஒரு தடவை கவிழ்த்தும் பார்த்தார். சிப்பாய்களைத் திரும்ப டின்னில் போட்டுப் பஷீர் கையில் திணித்தார். "இது வேண்டாமுங்க பாய். நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

பஷீர் புதிதாக மராட்டியப் படை ஒன்று வார்த்து வைத்திருந்தார். பாலுசாமி கடைக்குப் போய் அதையும் பார்த்தார். ஒரு குதிரைவீரனைக் கையில் எடுத்தார். பெயிண்ட் வாசனை அடித்தது, வேலைப்பாடும் குறைசொல்ல முடியாது. ஆனால் அது யாரோ. இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தார், மனசு ஒட்டவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, "நாயுடு படைய எடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். கேட்டது தம் வாய்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்தம்மாகிட்ட கேளுங்க" என்றார் பஷீர்.

பங்காரம்மா வாசலிலேயே, "வாங்கண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள். கூடத்தில் நாயுடுவின் படம். அதன் கீழே தனியாக நின்றான் குதிரைப்படைத் தளபதி, நெற்றி என்று எதுவும் தெரியாத இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு. விஷயத்தைச் சொன்னதும் அவள் பூஜை அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள். திறந்த பாலுசாமி ஒரு குதிரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

புலிக்கோடு போட்ட சட்டைகள் இல்லை. தலைப்பாகையின் பச்சை இல்லை. கண் இல்லை, மீசை இல்லை. பெட்டி நிறையப் பளபளவென்று வெறும் ஈயம் நின்றது.

"அமாவாசைக்கு அமாவாசை குத்துவிளக்கோட சேத்திப் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சுப்போடுவேனுங்கண்ணா. அவரு கையால பண்ணுனது, அழுக்கேறிக் கெடக்கலாமுங்களா? இப்பப் பாருங்க, வெள்ளியாட்ட இருக்குது" என்றாள்.

ஒற்றை மயிர்த் தூரிகையால் நாயுடு மாதக்கணக்கில் உட்கார்ந்து தீட்டிய வண்ணம் அது. அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். எவ்வளவு பக்தியாகத் தேய்த்திருந்தால் மூக்கு கூட மழுங்கியிருக்கும்! சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று பாலுசாமிக்குத் தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வார்த்தையை விழுங்கினார். "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணா. ஆனா அவருகிட்ட ஒரு பூக் கேட்டுப்போடலாம்."

வெள்ளை நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

சிவப்பு.

நாயுடுவுக்குக் கோபம் தீரவில்லை, போய் இத்தனை வருடம் ஆகியும் தீரவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணா, எங்க போறீங்க?" என்று பங்காரம்மா அதட்டினாள். "இவரு எப்பவுமே முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாரு. காப்பி வேணுமான்னு கேட்டாலும் வேண்டாம்பாரு. மறுக்காக் கேட்டா ரண்டு டம்ளர் குடிப்பாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?" படத்தின் பக்கம் திரும்பினாள். "ஏமண்டி, அண்ணன் எத்தன வருசம் கழிச்சு வந்திருக்கறாரு. நல்லபடியாச் சொல்லுங்க."

மறுபடி மடித்துக் குலுக்கிப் போட்டாள். இந்த முறை வெள்ளை வந்தது. தளபதியின் குங்குமத்தைத் துடைக்காமலேயே பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். பெட்டியின் மூலையில், நாயுடுவின் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்த பகடைகள் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை பஷீர் பலகையின் மேலிருந்த சென்னிமலைப் போர்வையை விலக்கினார். பச்சைப் பலகையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டங்கள். நாயுடு எழுந்து போன அன்றைக்கே, எந்தப் படை எங்கே நின்றதென்று பஷீர் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார். வாடகைக்கு இருந்தவர்கள் பலகையை மூலையில் சாத்திவைத்ததோடு சரி, போர்வையைப் பிரிக்கவில்லை.

"அன்னிக்கு விட்ட எடத்துல இருந்தே ஆடலாமுங்கண்ணா. அவரு முறைதானுங்களே பாக்கி" என்றார் பஷீர்.

பஷீர் கும்பினியைக் கோட்டுக்குள் நிறுத்தினார். அது பாலுசாமி ஒவ்வொரு வாரமும் நிறுத்துகிற அதே அணி: மேட்டில் பீரங்கி, பக்கத்தில் சிப்பாய்கள், ஓரத்தில் அட்டையில் வெட்டி ஒட்டிய தென்னந்தோப்பு. பாலுசாமி முகமில்லாத குதிரைகளை நிறுத்திவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. தளபதியைக் கையில் எடுத்தார்.

எடுத்த கை அப்படியே நின்றது.

தோப்புக்குப் பின்னால் ஒரு வழி கிடந்தது. கையகல வழி. ஒரு சிப்பாய்கூடக் காவல் இல்லை. குதிரைகள் அதற்குள் புகுந்தால் நேராகப் பீரங்கிகளின் முதுகுக்குப் போய்ச் சேரலாம், ஆட்டம் அதோடு முடிந்தது. அவர் எப்போதும் உட்காரும் பக்கத்திலிருந்து தோப்பு அதை மறைத்துவிடும். இந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் திறந்துவிட்ட கதவு மாதிரி தெரிகிறது. வாரா வாரம் அதைத் திறந்து வைத்துவிட்டு, வாரா வாரம் ஜெயித்துவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கீழே கடையில் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தளபதியைக் கீழே வைக்காமலே, "பாய், இந்த வழி நாயுடுவுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

பஷீர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல் ஆட்டத்துல உங்கள கெலிச்சதே அந்த வழியா வந்துதானுங்களே. நீங்க தோப்ப எங்கங்க பாத்தீங்க, தோத்த கோவத்துல எந்திரிச்சுப் போயிட்டீங்க. ஆறு மாசம் வரலீங்க. அதுக்கப்புறம் அவரு அந்தப் பக்கம் போகவே இல்லீங்கண்ணா."

பாலுசாமி அழுதார். சுடுகாட்டில் வராத அழுகை, துண்டை வாயில் பொத்தியும் நிற்கவில்லை. அன்றைக்கு நாயுடு யோசித்தது அவருக்கு இப்போது புரிந்தது. இன்றைக்காவது போகலாமா, போனால் இந்த மனுசன் அடுத்த வாரம் வருவானா. அதைத்தான் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் முகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறார். நாயுடுவின் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பாலுசாமி எழுந்து போகச் சொன்னார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப்பை இழுத்து அளந்தார். தூரம் தாராளமாகவே இருந்தது. குதிரைகளைத் தோப்புக்குப் பின்னால் விட்டார். பகடையை உருட்டினார், என்ன விழுந்தது என்று குனிந்து பார்த்தார், மறுபடி உருட்டினார். பஷீர் பீரங்கிகளை ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

பொழுது சாயும் முன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பீளமேட்டுக்குப் போனார். பங்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்காவது அவரு கெலிச்சாருங்களா?" என்று கேட்டாள்.

"கெலிச்சாருங்க அம்மணி. நாந்தான் தோத்துப்போயிட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. உடனேயே வாடியது. "ஐயோ. அப்ப அடுத்த வாரம் வரமாட்டீங்களே" என்றாள்.

அவள் அசையாமல்தான் நின்றாள். பெட்டிக்குள் பகடை ஒரு தடவை உருண்டது. பிறகு சும்மா இருந்தது.

"வாரேனுங்க" என்றார் பாலுசாமி, பெட்டியைப் பார்த்து.