ஜெல்லிமீனுக்கு விடுதலை கொடுக்கப் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக் கவிதா கதவைத் தட்டினார். கையில் மூடி போட்ட வாளி.

“அண்ணே, ஈஸ்ட் கோஸ்ட் பீச் வரைக்கும் வர்றீங்களா? இதுங்களைக் கடல்ல விடணும்.”

உள்ளே ஐந்து ஜெல்லிமீன்கள். கரீபியன் கடல் இனம், ஆன்லைனில் வாங்கி வீட்டுத் தொட்டியில் வளர்த்தவை. கணவருக்கு துபாய்க்கு மாற்றல். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்கிறார்கள். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

“டாய்லெட்டில ஊத்தச் சொல்றார்ணே. அதுவும் உயிர்தானே?”

கண் கலங்கியிருந்தது. எப்படி மறுப்பது? நாங்கள் குடியிருக்கும் பிடோக்கிலிருந்து பஸ் ஏறினோம். புண்ணிய காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கடற்கரைக் கற்கள்மேல் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தோணி — ராமநாதபுரத்துக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. வாளியை எட்டிப் பார்த்தார்.

“சொறி மீனா? இதை என்னக்கா செய்யப் போறீங்க?”

“கடல்ல விடத்தான். பாவம்லா. ரெண்டு வாங்கினேன், அஞ்சாயிடுச்சு.”

“வேணாங்கா!” தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார். “கப்பல் ஆடாம இருக்க, பாரத்துக்காக ஒரு ஊர்ல கடல்தண்ணி ஏத்தி, இன்னொரு ஊர்ல கொட்டும். அதுல இந்த மாதிரி வெளிக்கடல் உயிரெல்லாம் வந்துரும். அதைக் கொல்ற மெஷினைக் கப்பல்ல மாட்டுறதுதான் என் வேலை. நீங்க வாளியிலயே கொண்டாந்துட்டீங்களே!”

“அஞ்சுதானே...”

“கண்ணாடித் தொட்டியிலயே ரெண்டு அஞ்சாச்சு. கடல்ல? மீன்குஞ்சோட இரையெல்லாம் இது தின்னுரும். மீன் முட்டையையும் விடாது. இதைத் தின்ன இங்க ஆளில்லேன்னா, மத்த மீனு என்னாகும்?”

கவிதா மூடியை அழுத்தி மூடினார். “அந்தத் தண்ணியையும் கடல்ல ஊத்திராதீங்க. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு இருக்கும்” என்றார் அந்தோணி.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கப்பல் தண்ணீரோடு கருங்கடலுக்குப் போன சீப்பு ஜெல்லி என்ற உயிரினம், நெத்திலி முட்டைகளையும் குஞ்சுகளின் இரையையும் தின்று, அங்கே மீன்பிடித் தொழிலையே ஆட்டங்காண வைத்ததாம். அந்தோணி மிகைப்படுத்தவில்லை.

மாலைவரை கவிதா போன் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊரின் மறுகோடியான புக்கிட் பாத்தோக்கில், வீட்டில் ஜெல்லிமீன் வளர்க்கும் ஓர் ஆசிரியை ஐந்தையும் வாங்கிக்கொண்டார். மிச்சத் தண்ணீரில் பிளீச் ஊற்றும்போது மட்டும் கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அன்று காலை நாங்கள் இருவரும் வாளியில் இருந்த ஐந்துக்காக மட்டும்தான் கவலைப்பட்டோம்...

கடலில் இருந்த மீன்கள் எங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்!