வாசலுக்கு மேலே போன ரோடு

வீடு வாங்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். என் மனைவி வாசலை மட்டும் பார்த்தாள். ஹைதராபாத்தில் சைனிக்புரியைத் தாண்டி இருந்த அந்தக் காலனியில் நாங்கள் பார்த்த ஏழாவதோ எட்டாவதோ வீடு அது. போர்ட்டிகோ, கேட், ரோடு மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தன. நடுவில் படி கிடையாது, மேடு கிடையாது. தன் ஸ்கூட்டரை உள்ளே ஓட்டிக்கொண்டு போனாள், திருப்பினாள், வெளியே வந்தாள். "இந்த வீடே போதும்" என்றாள்.

"அடுப்படியப் பாக்கலியே" என்றேன்.

"அது எப்படி இருந்தாலும் சமைச்சிக்கிடலாம். வாசல் அமையாதுல்லா."

சின்ன வயதில் வந்த போலியோவில் அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் இரும்புக் காலிபர் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதலாகச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் மல்லாபூர் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தாள். திருநெல்வேலியில் பள்ளிக்கூடத்துக்கு அவளை அப்பா சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவாராம். கல்லூரியில் மாடி வகுப்புகளுக்குத் தோழிகள் தூக்காத குறையாகக் கொண்டுபோவார்களாம். சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து தன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். கல்யாணமான புதிதில் ஒருமுறை பஸ் படியில் அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். ஊரே பார்க்கத் திட்டு வாங்கினேன். அதற்கப்புறம் என் கைகளை என் சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்வேன்.

அந்த வீட்டிலிருந்து அவள் காலையில் கிளம்புவது ஒரு அழகு. ஹெல்மெட், பை, ஒரு ஹாரன். ஹாரன் எனக்காக, 'போய்விட்டு வருகிறேன்' என்று அர்த்தம். வாசல் வரை வந்து வழியனுப்பக்கூட ஆள் வேண்டாம் அவளுக்கு.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நகரத்தின் மேற்குக் கோடியில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதில் ஒன்றின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு சின்ன நகரத்தின் பூமிக்கடியில் ஓடும் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தேன். அந்த ஊரில் சில தெருக்களை முழுக்கப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறார்கள். பெயர்க்கும்போதே தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கேஸ் குழாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவார்கள். எந்த வால்வு எந்த வீட்டு வாசலில் என்று எனக்கு அத்துப்படி. அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஒரு வீட்டுக்கு நேராக மட்டும் குறிப்பு வந்திருந்தது: சக்கர நாற்காலி உபயோகிப்பவர் வசிக்கிறார், வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் நடைபாதைச் சரிவு இருக்க வேண்டும். நான் அந்தச் சரிவை வரைந்தேன். யாருக்கு என்று தெரியாது. கொஞ்சம் அன்பாகவே வரைந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருவுக்கும் அதே யோகம் வந்தது. ஹைதராபாத்தின் ஓரத்தில் இருந்த எங்கள் நகராட்சி பெரிய நகரத்தோடு இன்னும் சேராத காலம். பழைய தண்ணீர்க் குழாய் துருப்பிடித்துச் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. புதுக் குழாய், புதுச் சாக்கடை, அதன்மேல் சிமென்ட் ரோடு என்று அறிவித்தார்கள். காலனி சங்கத்தின் கூட்டத்தில் லட்டு கொடுத்தார்கள். செயலாளர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர், வேலூர் பக்கம். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருந்து அவர் தமிழில் பாதி தக்காணி உருது கலந்துவிட்டது. என் மனைவியை மகள் மாதிரி பார்ப்பார்.

கூட்டத்துக்கு நகராட்சி என்ஜினியர் வந்திருந்தார். இளைஞர், தங்கமான பேச்சு. என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், தெலுங்கில்: ரோடு எவ்வளவு உயரும்?

"உயராது மேடம். பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துட்டுத்தான் புதுசு. லெவல் சேம். ஏம் காதண்டி" என்றார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம்.

செயலாளர் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். "ஹவ், ஆமா, கேட்டீங்கல்ல? டென்ஷன் நக்கோ, வேணவே வேணாம்."

எனக்கு டென்ஷன் போகவில்லை. ஐந்தாவது மாடியில் கற்ற வித்தை சும்மா இருக்க விடுமா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் தெருவுக்கு ஒரு வரைபடம் போட்டேன். எதை முதலில் தோண்டுவது, எந்தக் குழாய் எந்த ஆழத்தில், ரோட்டின் மேல்மட்டம் கேட்டுகளுக்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்று எல்லாம். எங்கள் வாசலில் நீல நிறத்தில் குறியும் போட்டேன். என்ஜினியர் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சூப்பர் சார். எங்க ஆபீஸ்ல இப்படி ஒண்ணு இல்ல" என்றார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தேன். என் மனைவி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள்.

அடுத்த மாதம் எதிர்வீட்டு வாசலில் மணலும் ஜல்லியும் வந்து இறங்கின. செயலாளர் தன் கேட்டைக் கழற்றி, வாசலை ஒன்றேகால் அடி உயர்த்திக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரோடு உயராதுன்னு சொன்னாங்களே சார்?" என்றேன்.

"சொன்னாங்க தம்பி. நானும் நம்பறேன். ஆனா இந்த ஊர்ல நாலு தடவ ரோடு போட்டுப் பாத்துட்டேன், நாலு தடவையும் தண்ணி என் ஹாலுக்கு வந்துச்சு. எதுக்கும் ஒரு சேஃப்டி" என்றார்.

செயலாளரே உயர்த்தினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் பக்கத்து வீடு உயர்த்தியது, அதற்குப் பக்கத்து வீடு இன்னும் ஒரு கை அதிகமாக உயர்த்தியது. காலையில் கம்பெனி கேப்பில் ஏறும்போது ஒரு கேட் பழைய இடத்தில் இருக்கும், சாயங்காலம் திரும்பும்போது அது மேலே போயிருக்கும். எல்லார் வாசலிலிருந்தும் ஒரு சறுக்குப் பலகை மாதிரி சிமென்ட் சரிவு ரோட்டில் வந்து இறங்கியது. ஒருத்தரும் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் தண்ணீர் பயம்.

எங்களால் மட்டும் உயர்த்த முடியவில்லை. போர்ட்டிகோவுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும் நீளம்தான். கேட்டை உயர்த்தினால் அந்தக் குறுகிய இடத்தில் செங்குத்தாக ஏற வேண்டும். அவள் வண்டி அப்படி ஏறாது. பக்கத்துச் சக்கரங்கள் எதிலாவது தட்டி நின்றால் நடுச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். போர்ட்டிகோவையும் உயர்த்தலாம் என்றால் வீட்டுக்குள் பள்ளத்தில் இறங்க வேண்டும். நான் தாளில் எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தேன். கணக்கு ஒவ்வொரு தடவையும் கையை விரித்தது.

"ஏங்க, ரோட்ட ஒசத்த மாட்டாங்கல்லா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க. என் வரைபடம் என்ஜினியர் கையில இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மட்டம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை வைத்து, அளவுக் கோலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி எழுதிக்கொண்டு போனார்கள். அது ஒரு சனிக்கிழமை. நான் கூடவே போனேன். அந்தக் கோல் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகப் போட்ட உயரமான சிமென்ட்டின்மேல் போய் நின்றது. எங்கள் வாசலில் அது மற்ற இடங்களைவிடக் கீழே இறங்கி நின்றது.

என்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். கோபம் வந்தாலும் திட்ட முடியாத முகம் அவருக்கு.

"சார், எனக்கென்ன ஆசையா? எல்லா கேட்டும் மேல போயிருக்கு. நான் பழைய லெவல்ல ரோடு போட்டா, நாப்பது வீட்டுக்காரங்களும் வண்டி ஏத்த முடியலன்னு என் ஆபீஸ்ல வந்து உக்காருவாங்க. வாசல் எங்கயோ ரோடும் அங்கதான் சார் இருக்கணும்" என்றார்.

"அவங்க உயர்த்தினது, நீங்க உயர்த்துவீங்கன்னு பயந்துதானே?"

"ஹவ் சார்" என்றார், உண்மையிலேயே வருத்தத்தோடு. "இப்ப உயர்த்தித்தான் ஆகணும். தோண்டுற செலவும் மிச்சம்னு மேல சொல்லிட்டாங்க."

அவர் மேஜையின் ஓரத்தில் என் வரைபடம் இருந்தது. அதை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள், டீ டம்ளர் வைப்பதற்கு வசதியாக. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ரோடு உயரும் என்று பயந்து வாசலை உயர்த்தினார்கள், வாசல் உயர்ந்துவிட்டது என்று ரோட்டை உயர்த்தினார்கள். இதில் பிடித்து உலுக்க ஒரு சட்டைக்காலர்கூட இல்லை.

செயலாளரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. அவரே என்னோடு இரண்டு முறை நகராட்சிக்கு வந்தார், பழைய ராணுவக் குரலில் பேசிப் பார்த்தார். "என் வாசல நான் இடிச்சுடறேன்" என்றுகூடச் சொன்னார். ஒரு வாசலை இடித்து என்ன செய்ய? மற்றவர்களை இடிக்கச் சொல்ல அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

குழாய் போட்டார்கள், அது நன்றாகத்தான் போட்டார்கள், இன்றுவரை தண்ணீர் சுத்தம். பழைய ரோட்டின் தலைமேல் சிமென்ட் ரோடு வந்தது. அது காய்ந்து வெடிக்காமல் இருக்க மண்ணால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, தண்ணீர் தேக்கிவைத்தார்கள். மழை வரும் வரையில்கூடக் காத்திராமல் அந்தத் தண்ணீரே கசிந்து எங்கள் போர்ட்டிகோவுக்கு வந்துவிட்டது. என் மனைவி துடைப்பத்தோடு நின்று அதைத் தள்ளினாள். தள்ளியது திரும்பி வந்தது.

ரோட்டைத் திறந்த அன்று, கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கான்ட்ராக்டரின் ஆட்கள் பரிதாபப்பட்டு ஒரு சிமென்ட் சரிவு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் மூன்று தடவை முயன்றாள். பாதி தூரம் ஏறி, நடுச் சக்கரம் சுற்றி, வண்டி பின்னால் வழுக்கியது. நான் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். நான்காவது முறை அவள் திரும்பிப் பார்க்காமலே, "தள்ளுங்க" என்றாள்.

அதற்குள் என் ஷிஃப்ட் மாறியிருந்தது, கம்பெனி கேப் காலை ஆறு மணிக்கே வந்துவிடும். அவள் கிளம்புவது ஏழரைக்கு. பழைய ஷிஃப்டைத் திரும்பக் கேட்டேன், கிடைக்கவில்லை. இரும்புப் பலகை வெல்டிங் செய்து போட்டுப் பார்த்தேன், வழுக்கியது. வீட்டை விற்கலாம் என்றால், பார்க்க வந்தவர்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குக்கூடப் போகாமல் திரும்பினார்கள். "நீ எப்படிம்மா ஏறுற?" என்று போனில் கேட்ட அவள் அம்மாவிடம், "தெருக்காரங்க நல்லவங்க. யாராவது வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடமும் அவ்வளவுதான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் எதைச் செய்துவிடப் போகிறேன்?

சில மாதம் கழித்து, அமெரிக்காவில் ஏதோ பண்டிகை என்று எங்கள் ஆபீசுக்கு விடுமுறை விட்டார்கள். அவளுக்கு வேலை நாள். நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். வாசலில் யாரோ பேசும் சத்தம் கேட்டு விழித்தேன்.

"அன்னா, கொஞ்செம் செய்யி வேஸ்தாரா?"

கொஞ்சம் கை கொடுக்கிறீர்களா என்று தெலுங்கில் ஒரு பெண் யாரையோ கேட்கிறாள். குழைவான குரல். முடிவில் ஒரு சின்னச் சிரிப்பு, கேட்கப்படுகிறவருக்குத் தொந்தரவாகத் தோன்றக் கூடாது என்பதற்காகச் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். பதில் வரவில்லை. கேட்கப்பட்டவர் போய்விட்டார் போல. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம், அதே இடத்தில் அதே சிரிப்பு, வேறு யாரிடமோ.

இரண்டாம் தடவைதான் அது என் மனைவி என்று எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து ஓடி வருவதற்குள் அவள் மேலே ரோட்டுக்குப் போயிருந்தாள். தள்ளிவிட்ட பால்காரர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒருமாதிரியாகிவிட்டது.

"என்னை எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"லீவுதான, தூங்கட்டுமேன்னு விட்டேன்" என்றாள், தன் சொந்தக் குரலில். பிறகு, "நீங்க எப்பம் எந்திரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"இப்பதான்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.