யோகமக்காவின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

பிக்கரிங்கிலிருந்து நான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது யோகமக்காவின் மகன் போன் எடுத்தான். "அம்மா மோசம்போயிட்டா அன்ரி. ஹார்ட் அற்றாக்" என்றான். நின்றபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பித் தன் இருக்கையைத் தந்தாள்.

நானும் யோகமக்காவும் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பார்க்டேலில் இருந்த மெக்சிக்கன் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். ஒஹாக்கா ஊர்ச் சமையல், ஒரு பக்கத்தில் பார். அந்த உயரக் கதிரையில்தான் ஏறி இருப்பார். சோள ரொட்டிக்குள் பொரித்த மீனை மடித்துத் தருவார்கள். தேசிக்காய் பிழிந்து, இரண்டு கையாலும் பிடித்து, கதைபேச்சில்லாமல் தின்பார். மோலே என்ற கறுத்தக் குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, "எங்கடை கறித்தூளை ஆரோ கருகவிட்டிட்டினம். ஆனா நல்லாத்தான் கிடக்கு" என்பார்.

"வெள்ளிக்கிழமையிலை மச்சமோ அக்கா? சாமி குற்றமெல்லோ?" என்று முதல்நாள் கேட்டேன்.

"சாமிக்கு ஸ்காபரோவிலை வேலை கூட. இஞ்சாலை வாறேல்லை. நீ தின்."

வீட்டில் அவர் சுத்த சைவம். ஸ்ரௌவ்வில்லில் மகனோடு இருந்தார். கலியாணம் பேசும்போது, "எங்கடை அம்மாவும் மச்சம் தொடமாட்டா" என்று பெண்வீட்டாரிடம் மகன் அளந்துவிட்டான். அவர்கள் அப்படிப்பட்ட சைவக்காரர். "பிள்ளை சொல்லிப்போட்டான். இனி நான்தானே காப்பாத்தவேணும்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு தட்டைத் தள்ளிவைத்தார். "எட்டுக்கும் எனக்குச் சோயாமீற்தான் படைப்பாங்கள். செத்தும் பசியோடைதான் போகவேணும்." அன்றைக்கு மிச்சத்தை அவர் சாப்பிடவில்லை.

இறந்து எட்டாம் நாள், போனவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பதுதான் எங்கள் எட்டுச் செலவு. போன கிழமை அந்த வீட்டுக் குசினியில் மகன் என்னை மறித்து, "அம்மாவுக்கு வேறை என்ன விருப்பம் அன்ரி?" என்றான்.

"மீன்" என்றேன்.

ஹோலில் இருந்த மாமன் மாமியைத் திரும்பிப் பார்த்தான். "தெரியும் அன்ரி. சின்னனிலை எனக்கு முள்ளெடுத்து வாயிலை தீத்தினவ" என்றான். கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சோயாமீற்றை வாழையிலையில் வைத்தான். எனக்கென்றால், பெற்ற பிள்ளையைத் திட்டவும் வாய் வரவில்லை, அந்த இலையைக் கும்பிடவும் மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று அவனே கேட்டிருக்கிறான். 'சைவநெறி தவறாத தாய்' என்று முன்பக்கத்தில் போடுகிறார்களாம். இதைப் போடுவானோ, கிழித்தெறிவானோ தெரியாது. யோகமக்காவை அறிந்தவர்களே, அவர் மீன் தின்பவர், ஆசையாய்த் தின்பவர். சீலையும் நகையும் பிள்ளைக்குப் போகட்டும். அவர் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்தவள் நான். எனக்கென்று அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் சைவமாக்கி எழுத என்னால் ஏலாது.