இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

தோன்யா தெல்ஃபினாவின் இடது கால் எவாரிஸ்தாவின் மடியில் இருந்தது. எவாரிஸ்தா சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவியின் கால், வெந்நீரில் நன்றாக ஊறியது. எண்பத்தெட்டு வயதுக் கால்நகத்தை ஊறவைக்காமல் வெட்டப் போகிறவளுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நகவெட்டியை வைத்த நேரத்தில் செல்போன் அடித்தது. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எவாரிஸ்தா வேலையைத் தொடர்ந்தாள்.

பேசியவர் தோன் ஃபாவ்ஸ்தினோ (வயதானவர்களை அங்கே மரியாதையாகத் தோன், தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள்). அவள் குடியிருக்கும் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். புவெனோஸ் ஐரெஸில் பாராகாஸ் பக்கம் இருக்கும் பழைய வீடு அது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடித்தனம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை, ஒரே குளியலறை.

"எவாரிஸ்தா, நீ ஒண்ணும் கவலைப்படாத. காலையில ஒரு போலீஸ்காரன் வந்தான். உன் பேரச் சொல்லிக் கேட்டான். நான் விடுவேனா? இந்தப் பேர்ல இங்க யாருமே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். உன் பக்கத்து ரூம் எர்மெலிந்தாவும் வெளிய வந்து, அப்படி ஒருத்தியக் கேள்விப்பட்டதே இல்லன்னுட்டா. நம்ம தையல்காரர் எலியோ சிலுவை போட்டுச் சத்தியமே பண்ணாரு. ஆளு எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாயத் தொறக்காமப் போயிட்டான்."

நகவெட்டி நின்றது.

"தோன் ஃபாவ்ஸ்தினோ, அவர வரச் சொன்னதே நான்தான்."

தோன் ஃபாவ்ஸ்தினோவின் குரல் உயர்ந்தது.

"போலீஸ வீட்டுக்கு வரச் சொன்னியா? உனக்கென்ன ஜுரமா?"

ஜுரமெல்லாம் இல்லை. எவாரிஸ்தா பராகுவாய்க்காரி. காகுவாசூவில் பிறந்தவள். புருஷன் லாரிக்கு டயர் வாங்கி வருகிறேன் என்று போய், டயர்க்கடை விதவையோடு தங்கிவிட்டான். இரண்டு பையன்களை அம்மாவிடம் விட்டுவிட்டு இவள் பஸ் ஏறினாள். இங்கே முதலில் சலவைக்கடை, பிறகு வீட்டு வேலை, பிறகு ஒரு மாதா கோவில் கூடத்தில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி. இடுப்பால் தூக்காதே, முழங்காலால் தூக்கு என்று அங்கே ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். அது அவள் முதுகைக் காப்பாற்றியது. பையன்கள் வளர்ந்து ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள். உட்கார்ந்து அழுவதற்கு அவளுக்கு யாரும் விடுப்புக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது அவளுடைய தற்காலிக வசிப்புரிமைச் சீட்டு முடியப்போகிறது. நிரந்தரச் சீட்டுக்குக் குடியேற்ற அலுவலகத்தில் நாளை மறுநாள் காலை நேரம் கொடுத்திருந்தார்கள். வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று கையில் இருந்தது. பிறப்புச் சான்றும் இருந்தது. இருப்பிடச் சான்றுதான் பாக்கி. அதற்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு போலீஸ்காரர் நேரில் வந்து, நாம் அந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார். பகல் முழுவதும் வீட்டில் சும்மா இருக்கும் வெளிநாட்டுக்காரர்களை மனதில் வைத்து யாரோ போட்ட சட்டம். அப்படி ஒருவரையும் எவாரிஸ்தா இதுவரை பார்த்ததில்லை.

தோன் ஃபாவ்ஸ்தினோவைத் திட்டவும் முடியவில்லை. சீருடையைக் கண்டால் 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்வது அந்த வீட்டில் வாடகை கொடுப்பதைவிட ஒழுங்காக நடக்கிற காரியம். போன வருஷம் எர்மெலிந்தாவின் தம்பியைத் தேடி வந்தபோது, அவன் கட்டிலுக்கு அடியில் தும்மலை அடக்கிக்கொண்டு கிடக்க, அதே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு 'அவன் லீமாவுக்கே திரும்பிப் போயிட்டானே' என்று சொன்னவள் எவாரிஸ்தாதான்.

அவள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். நாளைக்கு இன்னொரு முறை வருவார்கள், அதுதான் கடைசி, ஆள் இல்லையென்றால் புதிதாக மனுப் போட வேண்டும் என்றார்கள். புதிதாக மனுப் போட்டால் நாளை மறுநாள் போய்விடும். நாளை மறுநாள் போனால் சீட்டுப் போய்விடும். சீட்டுப் போனால் வேலையும் போய்விடும், ஏனென்றால் தோன்யா தெல்ஃபினாவின் பராமரிப்புக்குச் சம்பளம் கொடுக்கும் ஓய்வூதியர் நிதியிலிருந்து கடிதம் வந்திருந்தது: செல்லுபடியாகும் சீட்டின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால், திங்கட்கிழமை முதல் வேறு பெண்ணை அனுப்புவோம்.

"வேற பொண்ணா?" என்றாள் தோன்யா தெல்ஃபினா. "நீ பல்லு பிடுங்கப் போனப்ப ஒருத்தி வந்தாளே, அவளா? 'செல்லக்குட்டி, ஆ காட்டு'ன்னா என்கிட்ட. நாப்பது வருஷம் நாடக மேடைக்கு அடியில உக்காந்து பெரிய பெரிய நடிகனுக்கெல்லாம் வசனம் எடுத்துக் குடுத்தவ நான். என்னைப் பாத்து ஆ காட்டுங்கறா."

"நாளைக்கு நான் என் ரூம்ல இருக்கணும், தோன்யா. உங்கள யாரு பாத்துக்குவா?"

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. நீ எப்படிக் குடித்தனம் பண்றேன்னு நானும் பாக்கறேன்."

மறுநாள் காலையில் டாக்ஸியில் சக்கர நாற்காலி, மாத்திரைப் பெட்டி, அணையாடைகள், ரப்பர் விரிப்பு, தோன்யா தெல்ஃபினா எல்லாம் பாராகாஸ் வந்து இறங்கின. தோன் ஃபாவ்ஸ்தினோ செய்த தவறுக்குப் பரிகாரமாக முற்றத்தைக் கழுவி வைத்திருந்தார். வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தியும் வைத்திருந்தார்.

தோன்யா ஒரு நோட்டம் விட்டாள். ஆட்களைப் பார்த்ததும் பழைய தொழில் நினைவுக்கு வந்துவிட்டது.

"எல்லாரும் கேளுங்க. 'ஆமாங்க, எவாரிஸ்தா இங்கதான் இருக்காங்க, ரொம்ப நல்ல மனுஷி.' அவ்வளவுதான். கேட்டா மட்டும் சொல்லணும். கையக் கட்டாதீங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. தையல்காரரே, நீங்க சிலுவையே போடக் கூடாது."

எர்மெலிந்தா உதட்டைச் சுழித்தாள். அவள் பெருவிலிருந்து வந்தவள். கட்டட வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து விற்கிறாள். "ரொம்ப நல்ல மனுஷின்னுமா சொல்லணும்?"

"சொல்லுடி," என்றார் தோன் ஃபாவ்ஸ்தினோ. "ஒரு நாள்தானே."

காலை முழுக்க யாரும் வரவில்லை. எவாரிஸ்தா மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். மதியம் நெருங்கும்போது, தோன்யாவின் அணையாடையை மாற்ற வேண்டிய நேரம் வந்தது. அது யாருக்காகவும் காத்திருக்கிற காரியம் இல்லை. கதவைச் சாத்தி, ரப்பர் விரிப்பைப் போட்டு, தோன்யாவைத் தன் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, துணியை நனைத்தாள். சரியாக அப்போது வாசலில் யாரோ கைதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

வந்தவர் கான்ஸ்டபிள் லுதுவேஞா. தடித்த ஆள், இறுக்கமான பூட்ஸ். அவர் வாயைத் திறப்பதற்குள் ஐந்து கதவுகள் திறந்தன. 

"ஆமாங்க, எவாரிஸ்தா இங்கதான் இருக்காங்க, ரொம்ப நல்ல மனுஷி!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே," என்றார் லுதுவேஞா. தையல்காரரைப் பார்த்தார். "நீங்கதானே நேத்து சிலுவை போட்டு, அப்படி யாரும் இல்லன்னு சத்தியம் பண்ணீங்க?"

தையல்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது நேத்துங்க."

"நேத்துன்னா?"

தையல்காரருக்கு அதற்குமேல் வசனம் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல், கடைசி வரிசைவரை கேட்கும் ரகசியக் குரலில், எடுத்துக் கொடுத்தது: "ரொம்ப நல்ல மனுஷி..."

"ரொம்ப நல்ல மனுஷி," என்றார் தையல்காரர் நிம்மதியாக.

"உள்ள யாரு?" லுதுவேஞா கதவில் கை வைத்தார்.

"வராதீங்க!" என்று எவாரிஸ்தா கத்தினாள். "பெரியவங்களுக்குத் துணி மாத்திக்கிட்டிருக்கேன். நான் சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க!"

அவர் நின்றார். அந்தக் குரலுக்கு டாக்டர்களே நின்றிருக்கிறார்கள். துடைத்து, பவுடர் கொட்டாமல் களிம்பு மட்டும் தடவி, புதிதாகக் கட்டி, போர்வையை இழுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கதவு திறந்தது.

லுதுவேஞா அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலில் ஒரு கிழவி. மூலையில் சக்கர நாற்காலி. மேஜையில் மாத்திரைகள், எல்லாவற்றிலும் கிழவியின் பெயர்.

"அம்மா, நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"சான் தெல்மோவுல," என்றாள் தோன்யா கம்பீரமாக. "எங்கப்பா கட்டின வீடு."

"அப்போ இந்தக் கட்டில்ல?"

"இன்னிக்கு மட்டும்."

எவாரிஸ்தா கண்ணை மூடித் திறந்தாள். "ஆபீசர், நான் இவங்களப் பாத்துக்கற வேலை செய்யறேன். தனியா விட முடியாது, அதனாலதான் கூட்டிக்கிட்டு வந்தேன். ரூம் என்னோடது."

"உங்களோடதுன்னா உங்க சாமான் எங்க? அலமாரியில ரெண்டு கவுன் தொங்குது. ஒரு தட்டு, ஒரு கப்பு. நேத்து இல்லவே இல்லன்னு மூணு பேர் சொன்னாங்க. இன்னிக்கு எல்லாரும் பாட்டுப் பாடறாங்க. எனக்குக் கோபம் எல்லாம் இல்ல. ஆனா நான் எதுல கையெழுத்துப் போடறது?" பேனாவை எடுத்தார். "'உறுதி செய்ய இயலவில்லை'ன்னுதான் எழுதணும்."

"எழுதினா என் சீட்டுப் போயிடும்."

"தெரியும்மா. பொய் எழுதினா என் வேலை போயிடும்."

பேனா தாளைத் தொட்டது. எவாரிஸ்தாவுக்குக் கிழங்கு நினைவுக்கு வந்தது. என்ன நடந்தாலும் தோன்யா மதியம் சாப்பிட்டாக வேண்டும். அவள் சமையலறைக்குப் போனாள்.

அவளுடைய பானை தரையில் இருந்தது. தண்ணீர் கொதிக்கக்கூட இல்லை. அடுப்பின் மேல் எர்மெலிந்தாவின் அண்டா.

"எர்மெலிந்தா! என் பானைய யாரு எறக்கினது?"

"நான்தான் எறக்கினேன்," என்று முற்றத்திலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தாள். "பன்னெண்டு மணிக்கு எனக்குப் பதினஞ்சு சாப்பாடு போகணும்னு உனக்குத் தெரியாது? நாலு வருஷமா சொல்றேன், பெரிய அடுப்பு என்னோடதுன்னு!"

"உன்னோடதா? உங்கப்பா வாங்கிப் போட்டாரா?"

"வாடி, வா! நீ மட்டும் என்ன யோக்கியம்? அஞ்சு மணிக்குக் குளியலறைக்குள்ள போனா ஆறு மணிக்கு வர்ற. வெந்நீர் பூராத்தையும் தீத்துடற. அந்தப் பச்சைத் தைலம் வேற, மூணு நாளைக்கு நாறுது!"

"முதுகு வலிக்குத் தேய்க்கறேன். உன்னைத் தூக்கி உக்கார வெச்சுப் பாரு, அப்பத் தெரியும்!"

"ஞாயித்துக்கிழமை உங்க ஊர் பாஷையில அந்தக் குவாரனி ரேடியோ! ஒரு வார்த்த புரியல, காலையிலேர்ந்து அழுதுக்கிட்டே பாடறான். என் துணிக்கொடியில உன் யூனிஃபார்மத் தொங்க விடற. சல்லடை வாங்கிட்டுப் போனியே, ஈஸ்டருக்கு, எங்கடி அது?"

"ஓட்டையாக் குடுத்தியே, அதுவா?"

"சல்லடைன்னா ஓட்டையாத்தான் இருக்கும்!"

லுதுவேஞா சமையலறை வாசலில் தோளைச் சாய்த்து நின்றிருந்தார். பேனா இன்னும் கையில்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார். "காலையில அஞ்சு மணிக்கா?"

"அஞ்சு மணிக்கு!" என்றாள் எர்மெலிந்தா. "தினமும்! மழை வந்தாலும் விடமாட்டா!"

"ரேடியோ எந்தப் பக்கம் கேக்குது?"

"என் செவுத்துக்கு அந்தப் பக்கம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்களாவது கேளுங்க ஆபீசர், ஒரு நாகரிகம் வேணாமா?"

"வேணும்தான்," என்றார் லுதுவேஞா. முதலில் எழுதியதை அடித்தார். புதிதாக எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "'மேற்படி பெண் இந்த முகவரியில் வசிக்கிறார் என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது.' இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. எங்க வீட்டுலயும் ஒரே அடுப்புதான். என் மச்சினியும் அம்மாவும். இந்தச் சண்டையச் சொல்லிக் குடுத்து வரவழைக்க முடியாது."

எர்மெலிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. "நான் ஒண்ணும் இவளுக்குச் சாட்சி சொல்லல," என்றாள். "புகார்தான் குடுத்தேன். அதையும் எழுதிக்குங்க."

அறைக்குள்ளிருந்து தோன்யாவின் குரல் வந்தது. "அந்தப் பெரு நாட்டுக்காரிக்கு நான் ஒரு வரிகூட எடுத்துக் குடுக்கல! யாராவது எனக்குச் சோறு போடறீங்களா?"

எர்மெலிந்தா அண்டாவிலிருந்து ஒரு தட்டு நிறையக் கோழிச்சோறு எடுத்து வைத்தாள். கிழவிக்கு மட்டும்தான் என்று சொல்லியே வைத்தாள். பெரிய அடுப்பை விடவில்லை.

மறுநாள் காலை குடியேற்ற அலுவலகத்துக்கும் தோன்யா வந்தாள், வேறு வழியில்லை. வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. காவலாளி சக்கர நாற்காலியைப் பார்த்ததும் முன்னால் கூப்பிட்டுவிட்டார். "நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "நாற்காலி கிடைக்கும், வயசு கிடைக்காது," என்று தோன்யா திரும்பாமலே சொன்னாள்.

ஜன்னலில் இருந்த பெண் தோன்யாவிடம்தான் பாஸ்போர்ட் கேட்டாள். "நான் இந்த ஊர்லயே பொறந்தவ, பொண்ணே. இவளோட கூட வந்திருக்கேன்," என்றாள் தோன்யா. எவாரிஸ்தா தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். இருப்பிடச் சான்றில் அடித்தல் இருப்பதைப் பார்த்து அந்தப் பெண் புருவத்தை உயர்த்தினாள். பக்கத்திலேயே கான்ஸ்டபிளின் கையெழுத்தும் முத்திரையும் இருப்பதைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். முத்திரை விழுந்து, நிரந்தரச் சீட்டு கைக்கு வந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

எதிரில் இருந்த கடையில் எவாரிஸ்தா அதை நகல் எடுத்தாள். டாக்ஸி பிடித்து ஓய்வூதியர் நிதியின் அலுவலகத்துக்குப் போய், கவுன்டரில் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை அனுப்ப வைத்திருந்த பெண்ணின் பெயரை அங்கேயே, தன் கண் முன்னால், அடிக்கச் சொன்னாள் தோன்யா. அடித்தார்கள். அதற்குள் பதினோரு மணி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. எவாரிஸ்தா அவர்களிடமே ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாள்.