கடன் கட்டி முடிச்சவ பட்ட பாடு

கடன் கட்டுறது ஒரு வேலைன்னா, கட்டி முடிச்சிட்டேன்னு நாலு பேரை நம்ப வைக்கிறது அதைவிடப் பெரிய வேலைங்க. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பஸ் காசும் நம்மளோடது. எனக்குத் தொழில் தையல். குரும்பலூர்ல வூட்டு முன்ரூம்லயே மிஷின் போட்டிருக்கேன். ஆனா கொஞ்ச நாளா நான் ஜாக்கெட் தைச்சதைவிட ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினதுதான் ஜாஸ்தி. குழுக்கடன் வாங்கி முழிச்ச அக்கா தங்கச்சிங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். தெரியாதவங்க புண்ணியம் பண்ணவங்க, நல்லா இருங்க.

கடைசித் தவணை

என் வூட்டுக்காரரு அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கிட்டிருந்தவரு. லாரி கவுந்து இடுப்பு போயி படுத்த படுக்கையாயிட்டாரு. ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னுதான் நான் குழுவுல சேர்ந்தேன். அஞ்சு பொம்பளைங்க ஒரு குழு, நான் தலைவி. தலைவின்னா மாலை மரியாதைன்னு நினைச்சுக்காதீங்க. ஒருத்தி வாரத் தவணை கட்டலைன்னா, அது வந்து சேர்ற வரைக்கும் மத்தவங்க எழுந்து போக முடியாது. அடுப்புல சோறு தீஞ்சாலும் உக்காந்துதான் இருக்கணும். எங்க குழுவுல ரெண்டு பேரு ஓரகத்திங்க. அவளுவ சொல்லாம கொள்ளாம குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாளுவ. மத்த ரெண்டு பேரு அவங்கவங்க பாக்கியைக் கட்டிட்டு ஒதுங்கிட்டாங்க. ஓடிப்போனவளுவ பாக்கி தலைவி தலையில விழுந்துச்சு.

அரியலூர் ஆபீசுக்குப் போயி கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். அபராதத்தைத் தள்ளிடுறோம், மூணு பேர் பாக்கியையும் சேர்த்து மாசாமாசம் கட்டுங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. மூணு வருஷம் கட்டினேன். தாலியில இருந்த குண்டுகூட போயி மஞ்சக்கயிறுதான் மிச்சம். கடைசித் தவணை அன்னிக்கு லட்டு வாங்கி வச்சிருந்தேன், சந்தோஷம் தாங்கல. வசூலுக்கு வர்ற தம்பி லட்டைத் தின்னுட்டுப் பைக்கை உதைச்சாரு. "ஏம்ப்பா, கடன் முடிஞ்சுதுன்னு ஒரு பேப்பர் குடுக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"கடன் குடுக்கறப்பதான்க்கா பேப்பர், முடியறப்ப லட்டுதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மேனேஜர் ரூம்ல

என் மக காவ்யா ப்ளஸ் டூ முடிச்சா. அப்பாவுக்குப் புண்ணு துடைச்சுத் துடைச்சே வளர்ந்தவ, நர்சிங்தான் படிப்பேன்னு நின்னா. பெரம்பலூர் பக்கத்துலயே ஒரு காலேஜ்ல சீட்டும் கிடைச்சுது. இந்தத் தேதிக்குள்ள முதல் பணம் கட்டணும், இல்லைன்னா சீட்டு அடுத்த புள்ளைக்குன்னு சொல்லிட்டாங்க. கல்விக்கடன் கேட்டு பேங்குக்குப் போனோம். புள்ளைக்குக் கடன்னாலும் பெத்தவங்க கையெழுத்தும் வேணுமாம், அதனால என் கடன் ரிப்போர்ட்டைத்தான் முதல்ல பார்ப்பாங்களாம்.

மேனேஜர் தங்கமான மனுஷன். கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பிக் காட்டினாரு. குழுக்கடன் இன்னும் பாக்கின்னு நிக்குது. அதுக்குக் கீழ மாட்டுக்கடன்னு இன்னொண்ணு, அதுவும் பாக்கி. எங்க வூட்டுல கோழிகூடக் கிடையாது! அப்புறந்தான் உறைச்சுது. எங்க பக்கம் 'பேர் குடுக்கறது'ன்னு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு ஏற்கெனவே ரெண்டு கடன் இருந்தா மறுபடி குடுக்க மாட்டாங்க. அதனால பக்கத்து வூட்டுக்காரி பேர்ல வாங்கி அவ கட்டிக்குவா. அவசரத்துக்கு ஒரு டம்ளர் சர்க்கரை குடுக்கிற மாதிரி பேரைக் குடுப்போம். அப்படித்தான் பின்தெரு மல்லிகாவுக்கு மாடு வாங்க அதே கம்பெனியில நான் பேர் குடுத்தேன். அதை மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்லி, "சார், அது என் மாடு இல்லீங்க"ன்னேன்.

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "பால் யாரு வேணாலும் கறந்திருக்கட்டும்மா, கயிறு உங்க கழுத்துலதான் கிடக்கு"ன்னாரு.

ஆபீஸைக் காணோம்

பாக்கி இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கலாம்னு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். ஆபீஸ் இருந்த மாடியில செல்போன் கவர் விக்கிறாங்க. பழைய ரசீதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு என் உசுரை எடுத்துச்சு. கடைசியில ஒரு பொண்ணு பேசினா. எங்க கடனையெல்லாம் வேற கம்பெனிக்கு வித்துட்டாங்களாம். அடப்பாவிகளா! சந்தையில ஆடு விக்கிறவன்கூட வாங்கறவன்கிட்ட நாலு நல்லது கெட்டது சொல்லித்தானே கயித்தைக் குடுப்பான்?

வாங்கின கம்பெனிக்குப் போன் போட்டேன். கைவசம் இருந்த ரசீதையெல்லாம் காவ்யா போட்டோ எடுத்து அனுப்பினா. ரெண்டு நாள் கழிச்சு அங்கேருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு. குரல்ல அப்படி ஒரு பணிவு.

"நீங்க கட்டினதுல அந்த ரெண்டு பேர் கணக்கும் முழுசா தீர்ந்துடுச்சு மேடம், உங்க கணக்குல அபராதம் மட்டும் நிக்குது, அதைத் தள்ளுபடி பண்ணது பழைய கம்பெனி, நாங்க பண்ணலை."

தையக்கூலி

அந்த வாரம் ஜாக்கெட் வாங்க ஒரு டீச்சர் வந்தாங்க. ரெண்டு தெரு தள்ளி வூடு, ஊர்ச் சேதி மொத்தமும் அவங்க வாயில இருக்கும். கை கொஞ்சம் பிடிக்குதுன்னு பிரிச்சுத் தைக்கச் சொன்னாங்க. நான் பிரிச்சுக்கிட்டே என் கதையைச் சொன்னேன். அவங்க ஐயோ பாவம்னாங்க. கூடவே தையக்கூலியில பத்து ரூபா குறைச்சுக்கன்னாங்க. போற போக்குல அந்த ஓரகத்தி சேதியையும் சொன்னாங்க பாருங்க, எனக்கு வவுறு எரிஞ்சு போச்சு.

"பெரியவ திருப்பூர்ல வூடு கட்டுறாளாம் வசந்தா, பேர்ல ஒரு பாக்கியும் இல்லாததால கேட்டவுடனே பேங்க்ல லோன் குடுத்துட்டாங்களாம்."

மாடு வளர்த்த மல்லிகா

அந்த எரிச்சல்லயே மல்லிகா வூட்டுக்குப் போனேன். தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்தினேன். பேரை வாங்கிட்டு என் புள்ள வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேடின்னு கேட்டேன். அவ உள்ள போயி தவணை அட்டையை எடுத்துட்டு வந்தா. ஒரு வாரம்கூட விடாம கடைசித் தவணை வரைக்கும் கையெழுத்து இருக்கு. லட்டு தின்னாரே, அதே தம்பி போட்ட கையெழுத்துதான். கடைசிக் கொஞ்ச மாசம் வாங்கின காசை அவரு ஆபீசுல கட்டாமலே வேலையை விட்டுட்டுப் போயிருக்காரு. இப்ப எந்த ஊர்ல இருக்காரோ யாரு கண்டா? வெறும் தொழுவத்தைப் பார்த்து, மாடு எங்கடின்னு கேட்டேன்.

"அது கோமாரியில செத்துப்போச்சுக்கா, புதைச்ச அன்னிக்குக்கூட உன் பேரு கெட்டுடக்கூடாதுன்னு கடன் வாங்கித் தவணை கட்டினேன்"னு சொல்லி அழுதா. சண்டை போடப் போனவ அவளோட சேர்ந்து அழுதுட்டு வந்தேன்.

தேதி

ரசீது, அட்டை எல்லாத்தையும் சேர்த்து, கடன் ரிப்போர்ட் குடுக்கிற எடத்துக்கே புகார் எழுதிப் போட்டோம். விசாரிச்சுத் திருத்தறதுக்கு ஒரு மாசத்துக்கு மேலகூட ஆகுமாம். காலேஜ் தேதி அடுத்த வாரம். மேனேஜருக்கும் மனசு கேக்கல, மேலிடத்துக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாரு. ஒண்ணும் நடக்கல. வாசல் வரைக்கும் கூடவே வந்தாரு. அவரு வராமலே இருந்திருந்தா நான் அழாம இருந்திருப்பேன்.

"அடுத்த வருஷம் வாங்கம்மா, அதுக்குள்ள உங்க பேரு சரியாயிடும்"னாரு. காவ்யா பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டா.

புதுக்குழு

தேதிக்கு இன்னும் மூணு நாள் இருக்கறப்ப வேற ஒரு கம்பெனியிலேருந்து ஒரு பையன் பைக்ல வந்தான். எங்க தெருவுல புதுசா குழு கட்டுறாங்களாம், ஒரு ஆள் குறையுதாம். என் ஆதாரை வாங்கி போன்ல தட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் குடுத்துட்டான். அப்பாடா, விட்டது சனின்னு நான் மிஷின்ல உக்காந்தேன். அவன் போகலை. உள்ள எட்டிப் பார்த்து, தங்கச்சிக்குப் பதினெட்டு ஆயிடுச்சான்னு கேட்டான்.

வெளிய போடான்னு கத்திட்டேன். கையில கத்திரிக்கோல் வேற இருந்துச்சு, பயந்துட்டான். ஆனா காவ்யா ஆதாரோட வந்து நின்னா. "அம்மா, இது யாருக்கும் பேர் குடுக்கறது இல்ல. என் ஃபீசு, நான் கட்டிக்கிறேன்"ன்னா. படுத்திருந்த அவங்கப்பா முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நான் கத்திரிக்கோலைக் கீழ வச்சிட்டேன். வேணாம்னா அந்தச் சீட்டுக்கு நான் எங்கே போறது? சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

அவ பேர்ல ஒரு சொட்டுக் கறை கிடையாது. மறுநாளே பணம் ஏறிடுச்சு, காலேஜ்ல கட்டிட்டோம். இப்ப திங்கக்கிழமை தவணை. காலேஜ் பஸ் ஏறறதுக்கு முன்னாடி யூனிஃபார்மோட போயி உக்காந்து கட்டிட்டுப் போறா. ஏழு வருஷம் முன்னாடி குழுக் கூட்டத்துக்கு நான் உக்காந்த அதே மரத்தடி. முதல் கூட்டத்துல நானும் பின்னாடி நின்னேன். அந்தப் பையன் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு, எம் மகளைப் பார்த்துச் சிரிச்சான்.

"இருக்கறதுலயே படிச்ச புள்ள நீதான் தங்கச்சி, உன்னையே தலைவியாப் போட்டுடறேன்."

மூணு வருஷம் நாணயமாக் கட்டினதுக்கு நான் கண்ட பலன் இதாங்க: ஓடிப்போனவளுக்கு வூடு, எனக்குக் கெட்ட பேரு, எம் மகளுக்குப் பதவி.